பாலி கிந்தாமணி ஒரு நாள் டூர்: ஊர் அருமை, நேரம் முழுக்கக் கடைகளுக்கு

நம் ஊரிலிருந்து பாலிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் 4 இரவு 5 நாள் பேக்கேஜில்தான் போகிறார்கள். எந்த ஏஜென்சியின் பேக்கேஜாக இருந்தாலும் அதில் ஒரு நாள் 'கிந்தாமணி - உபுத் டூர்' கட்டாயம் இருக்கும். கிந்தாமணி எரிமலையுள்ள மலைப்பகுதி, உபுத் ஒரு நகரம். பட்டியலில் பாரோங் என்ற முகமூடி நடனம், எரிமலை, புனிதத் தீர்த்தம், படிக்கட்டு வயல் என்று ஒவ்வொன்றும் ஆசை காட்டும். நடுவில் 'கைவினைக் கிராமங்கள், காபித் தோட்டம்' என்று சின்னதாக ஒரு வரி. இந்த டூரின் குறை மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

மதிப்பெண் 5க்கு 2. அந்த இரண்டும் வண்டிக்கும் ஓட்டுநருக்கும். ஏசி நன்றாக வேலை செய்தது, குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், மலைப்பாதையில் நிதானமாக ஓட்டினார். வழிகாட்டியும் மரியாதையானவர், ஆங்கிலம் தெளிவு, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். குறை ஆட்களிடம் இல்லை. நாளைப் பங்கு போட்ட விதத்தில் இருக்கிறது.

அந்தப் பங்கு இப்படி. காலை 8 மணிக்கு நுசா துவாவில் முதல் ஆளை ஏற்றி, ஜிம்பரான், குத்தா, லெகியான் என்று ஹோட்டல் ஹோட்டலாக நின்று, 9.30 மணிக்குப் பதுபுலானில் பாரோங் அரங்கம். 10.30க்கு வெளியே வந்ததும் பாத்திக் (மெழுகால் எழுதிச் சாயமேற்றும் துணி) கடை அரை மணி நேரம். அடுத்து செலுக் கிராமத்தில் வெள்ளிக் கடை 40 நிமிடம். மாஸில் மரச் சிற்பக் கடை 25 நிமிடம். அங்கிருந்து மலையேறிக் கிந்தாமணி போய்ச் சேரும்போது மணி ஏறக்குறைய 2. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, தீர்த்த எம்புல் கோயிலுக்கு 35 நிமிடம். பிறகு லுவாக் காபித் தோட்டத்தில் 55 நிமிடம். தெகல்லாலாங் வயலில் 20 நிமிடம். உபுத் நகரம் ஜன்னல் வழியே கடந்து போனது. ஹோட்டலுக்குத் திரும்பும்போது இரவு 7.30.

கூட்டிப் பாருங்கள். கடைகளுக்கும் காபித் தோட்டத்துக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம். கோயிலுக்கும் வயலுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இல்லை. எரிமலையைத் தட்டோடு உட்கார்ந்து பார்த்ததுதான் பார்த்தது.

பாரோங் நடனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியதுதான் என்றாலும் கதை நமக்குத் தெரிந்தது: ரங்தா என்ற சூனியக்காரிக்குப் பலியாகக் கொடுக்கப்படும் சகாதேவன், கலங்கி நிற்கும் குந்தி, காப்பாற்ற வரும் சிவன். மகாபாரதத்தில் நாம் படிக்காத ஒரு கிளைக்கதை. கூடவே கமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவின் இசையும் உண்டு. நுழைவாயிலில் கதைச் சுருக்கம் அச்சிட்ட தாள் தருவார்கள். தொடங்கும் முன் படித்துவிட்டால் மேடையில் யார் யார் என்று புரியும். ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கிவிடும். உங்கள் வேனில் கடைசி ஹோட்டல்காரர் பதினைந்து நிமிடம் தாமதித்தால், தொடக்கமும் முன்வரிசை இடமும் போய்விடும்.

இனி கடைகள்.

பாத்திக் கடையின் வாசலில் ஒரு பந்தல். நான்கைந்து பெண்கள் உருக்கிய மெழுகைச் சின்னச் செம்புக் கிண்ணமும் மூக்கும் வைத்த எழுதுகோலால் துணியில் இழுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வேலை அசல், அவர்களுடைய கை அசாத்தியம். உள்ளே அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி அச்சுத் துணி. பிரித்தறிவது சுலபம். துணியின் மறுபக்கத்தைப் பாருங்கள். மெழுகால் கையில் எழுதியதென்றால் கோடும் நிறமும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்தில் இருக்கும், ஒரு பூவைப் போல இன்னொரு பூ அச்சாக இராது. செம்பு அச்சை மெழுகில் தோய்த்துக் குத்தியதென்றால் இரண்டு பக்கமும் நிறம் இருக்கும், ஆனால் ஒரே வடிவம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். ஓரங்களில் லேசாகப் பிசகும். மறுபக்கம் வெளுத்திருந்தால் அது வெறும் பிரிண்ட். அதே பிரிண்ட் சாரோங் (இடுப்பில் சுற்றும் துணி) சுகாவதி சந்தையில் 50,000 ரூப்பியா அளவில் கிடைக்கும். ஒரு லட்சம் ரூப்பியா நம் பணத்தில் 500 முதல் 550 ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. பாத்திக்கின் தாயகம் ஜாவா: பெக்கலோங்கான், சோலோ, யோக்யகர்த்தா. 2009ல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற அந்த மரபை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் பாலிக்கென்றே உரிய நெசவுகள் இருக்கின்றன. ஊடு நூலை முடிச்சுப் போட்டுச் சாயமேற்றி நெய்கிற எந்தெக், ஜரிகை போட்ட சொங்கெத், தெங்கனான் கிராமத்தில் பாவு ஊடு இரண்டையும் சாயம் கட்டி நெய்கிற கிரிங்சிங். குஜராத்தின் பட்டோலா சேலை பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கிரிங்சிங் எத்தனை கடினமான வேலை என்று சொல்லவே வேண்டாம். பாலியின் 'கைவினை'யைக் காட்டுகிறோம் என்று சொல்லும் டூரில் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

செலுக் வெள்ளி வேலை நிஜமாகவே நல்ல மரபு. கடுகைவிடச் சிறிய வெள்ளி உருண்டைகளை வரிசையாகப் பற்றவைத்துக் கோலம் போல இழைக்கிற வேலைப்பாடு இந்த ஊரின் அடையாளம். ஆனால் டூர் வண்டி நிற்பது பட்டறைக்காரர் வீட்டில் இல்லை. பேருந்து நிறுத்த இடமுள்ள பெரிய ஷோரூமில். இறங்கியதும் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வாசலில் ஒருவர் வண்டி எண்ணையும் தலைக்கணக்கையும் குறித்துக்கொள்வார். ஒரு மேசையில் ஊதுகுழாயும் சாமணமுமாக இரண்டு நிமிட விளக்கம். அடுத்த நொடி கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன் நிற்பீர்கள், ஆளுக்கொரு விற்பனைப் பெண் கால்குலேட்டரோடு கூடவே வருவார். விலைச்சீட்டு எட்ட முடியாத உயரத்தில் இருக்கும். உடனே பாதி தள்ளுபடி, வாசலை நோக்கி நடந்தால் இன்னும் தள்ளுபடி. முதல் விலை அந்தத் தள்ளுபடியைக் கணக்கில் வைத்தே எழுதப்பட்டது.

அங்கே வாங்கத்தான் வேண்டுமென்றால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், தராசில் எடை போடச் சொல்லுங்கள். எடை சொல்ல மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். இரண்டாவது, பொருளின் உள்பக்கத்தில் 925 முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்று பொருள். 6 கிராம் மோதிரத்தில் சுத்த வெள்ளி 5.55 கிராம். கேட்கிற விலையை இந்த எடையால் வகுத்து அன்றைய வெள்ளி விலையோடு ஒப்பிட்டால், கூலியாக எவ்வளவு கேட்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். நுண்ணிய உருண்டை வேலைக்கு வெள்ளி விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு கூலி நியாயம்தான். வார்ப்பில் ஊற்றி மெருகேற்றிய மொட்டை மோதிரத்துக்கு அது நியாயமில்லை. மூன்றாவது, பில்லில் எடையும் தூய்மையும் எழுதி வாங்குங்கள். ஜெர்மன் சில்வரை அங்கே அல்பாக்கா என்பார்கள். அதில் வெள்ளியே கிடையாது, பார்வைக்கு மட்டும் வெள்ளி. கார்டு போட்டால் இயந்திரம் 'இந்திய ரூபாயா, ரூப்பியாவா' என்று கேட்கும். ரூப்பியாவையே அழுத்துங்கள். இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி தீர்மானிக்கும், உங்களுக்கு நஷ்டம்.

மாஸ் மரக் கடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிற்பிகள் திறமைசாலிகள், விலை செலுக் கதைதான். சந்தனம் என்று சொல்லிக் காட்டினால் மேற்பரப்பை முகராதீர்கள், எண்ணெய் தடவியிருக்கலாம். அடிப்பாகத்தில் மெருகேறாத இடத்தை முகருங்கள். கருங்காலி என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். கறுப்புச் சாயம் பூசிய சாதா மரம் லேசாக இருக்கும்.

லுவாக் காபித் தோட்டம்தான் இந்த நாளின் மோசமான பகுதி. தோட்டம் என்பது பாதையோரம் நட்ட சில காபிச் செடி, கொக்கோ, வெனிலா, இலவங்கம். அதைத் தாண்டினால் ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே மரநாய் ஒன்று சுருண்டு கிடந்தது. லுவாக் என்பது நம் ஊர்த் தென்னந்தோப்பிலும் ஓட்டுக் கூரையிலும் இருக்கிற அதே மரநாய் இனம். இரவில்தான் அது நடமாடும். பழம், பூச்சி, சிறு பிராணி எல்லாம் தின்னும். மரத்துக்கு மரம் தாவிப் பழுத்த காபிப் பழத்தைத் தானே தேர்ந்து தின்பதால்தான் அதன் எச்சத்தில் கிடைத்த கொட்டைக்கு ஒரு காலத்தில் பெயர் வந்தது. கூண்டில் அதற்கு அந்தத் தேர்வும் இல்லை, அந்த உணவும் இல்லை. பகலில் தூங்க வேண்டிய பிராணியைக் குச்சியால் தட்டி எழுப்பிப் படமெடுக்கச் சொன்னார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு ஒரு பலகையில் சின்னச் சின்னக் கோப்பைகள் இலவசமாக வரும்: எலுமிச்சைப்புல் தேநீர், இஞ்சித் தேநீர், மங்குஸ்தான், தேங்காய்க் காபி, வெனிலா காபி, ஜின்செங் காபி. லுவாக் காபி மட்டும் தனிக் காசு, கோப்பை 50,000 ரூப்பியா. குடித்து முடித்ததும் வெளியேறும் வழி கடைக்குள் போகும். பொட்டலத்தின் பின்பக்கப் பொருள்பட்டியலைப் படியுங்கள். இனிப்பான தூள்கள் பலவற்றில் முதலில் இருப்பது சர்க்கரை. லுவாக் பொட்டலம் 100 கிராம் பல லட்சம் ரூப்பியா. அது காட்டிலிருந்து பொறுக்கியதா, கூண்டில் எடுத்ததா, சாதா காபியா என்று வாங்குகிறவர் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. அதனால் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

வேதனை என்னவென்றால், இந்த மலையில் விளைகிற காபியே உயர்ந்த காபி. கிந்தாமணி அராபிகாவுக்கு 2008ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தோனேசியாவில் அந்தக் குறியீடு பெற்ற முதல் பொருள் அதுதான். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே வளர்வது, குடித்தால் லேசான எலுமிச்சைப் புளிப்பு தெரியும். கிந்தாமணிச் சாலையோரக் காபிக் கடைகளில் ஒரு கோப்பை லுவாக்கைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். எரிமலையைப் பார்த்தபடி அதைக் குடிக்க இந்த டூரில் நேரம் ஒதுக்கவில்லை.

இத்தனை கடை ஏன் என்பதற்குக் காரணம் எளிது. டூர் விலையை ஏஜென்சிகள் போட்டி போட்டுக் குறைத்துவிட்டன. டீசல், பார்க்கிங், ஓட்டுநர் சம்பளம் போக மிச்சம் ஒன்றும் நிற்காது. அந்தப் பள்ளத்தைக் கடைகளின் கமிஷன் நிரப்புகிறது. சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரும் வாசலில் குறித்த வண்டி எண்ணும் அதற்குத்தான்; நீங்கள் வாங்கியதில் ஒரு பங்கு உங்களைக் கொண்டுவந்தவர் கணக்கில் ஏறும். அந்தப் பங்கும் விலைச்சீட்டிலேயே அடங்கியிருக்கிறது. ஓட்டுநரைத் திட்டுவதில் அர்த்தமில்லை, அவருடைய வருமானம் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கடை நிறுத்தங்கள் எத்தனை, எவ்வளவு நேரம் என்று பணம் கட்டும் முன் சொல்லாமல் விற்ற ஏஜென்சியைத்தான் கேட்க வேண்டும்.

இதனால் என்ன போயிற்று என்று பார்த்தால்தான் ஏமாற்றத்தின் அளவு புரியும். பாலியின் சுபக் நீர்ப்பாசன முறையும் அதைச் சேர்ந்த கோயில்களும் 2012ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் ஐந்து இடங்கள். அவற்றில் மூன்று இந்த டூர் போகும் பாதையிலேயே இருக்கின்றன: பத்தூர் ஏரி, உலுன் தனு பத்தூர் கோயில், தீர்த்த எம்புல் இருக்கும் பக்கெரிசான் பள்ளத்தாக்கு. வழிகாட்டி 'யுனெஸ்கோ' என்று சொல்லி இறக்கிவிட்ட தெகல்லாலாங் வயல் அந்தப் பட்டியலில் இல்லை. அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊஞ்சலுக்கும் படமெடுக்கும் மேடைகளுக்கும் தனித்தனிக் கட்டணம், நின்று வயலைப் பார்க்க இடம் தேட வேண்டியிருக்கிறது.

பத்தூர் எரிமலை 1,717 மீட்டர். அது நிற்கும் பெரும்பள்ளம் 13க்கு 10 கிலோமீட்டர் அளவு. அந்தப் பள்ளத்தின் விளிம்பிலுள்ள பெனலோக்கானில் நின்றால் கீழே ஏரி, எதிரே மலை, அதன் சரிவில் 1960, 70களில் ஓடி உறைந்த கறுப்பு லாவா. 1926 வெடிப்பில் கீழே இருந்த ஊரும் கோயிலும் அழிந்து, மக்கள் விளிம்புக்கு ஏறி வந்து கோயிலை மறுபடி கட்டினார்கள். அந்தக் கோயில் பெனலோக்கானிலிருந்து சில கிலோமீட்டர்தான். காலையில் மலை துல்லியமாகத் தெரியும். மதியத்துக்கு மேல் மேகம் ஏறி மூடிவிடும் நாட்களே அதிகம். 2 மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் வெள்ளைத் திரைதான் மிச்சம்.

தீர்த்த எம்புல் கி.பி. 962ல் எழுந்த ஊற்றுக்கோயில். ஊற்றுக் கண்ணில் மணல் குமிழ்ந்து தண்ணீர் மேலே வருவதை உள் பிராகாரத்தில் நின்று பார்க்கலாம். கல் தூம்புகள் வரிசையாகக் கொட்டும் குளத்தில் இறங்கி, ஒவ்வொன்றிலும் தலை நனைத்துப் போவது சடங்கு. இறந்தவர்களுக்கான சடங்குத் தூம்புகள் இரண்டு உண்டு, அவற்றைத் தாண்டிப் போக வேண்டும். நீராடுவதற்குத் தனி சாரோங் வாடகைக்கு எடுத்து, பொருளை லாக்கரில் வைத்து, வரிசையில் நின்று முடிக்க ஒன்றே கால் மணி நேரமாவது வேண்டும். 35 நிமிடத்தில் வேடிக்கை பார்த்துவிட்டு வரத்தான் முடியும். தீர்த்தமாட ஆசைப்பட்டு வந்த பெரியவர்கள் கரையில் நின்று கையை நனைத்துக்கொண்டு திரும்பினார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பாலிக் கோயில்களுக்குள் போகக் கூடாது என்ற அறிவிப்பு அங்கும் உண்டு, தெரிந்துகொள்வது நல்லது.

தீர்த்த எம்புலுக்குப் பக்கத்திலேயே குனுங் காவி. 11ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செதுக்கிய ஏழு மீட்டர் உயரச் சன்னதி வடிவங்கள், ஆற்றின் இரு கரையிலும். இறங்க ஏற 300 படி அளவில். உபுதுக்குப் போகும் வழியில் கோவா கஜா குகை. உள்ளே பிள்ளையாரும் மூன்று லிங்கமும். தமிழர் ஒருவர் பாலிக்கு வந்து இந்த இரண்டையும் பார்க்காமல் வெள்ளிக் கடையில் 40 நிமிடம் நிற்பது கொடுமை.

மதியச் சாப்பாடு பஃபே: நாசி கோரெங் (வறுத்த சோறு), மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்), சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி), வாழைப்பழப் பொரியல், கருப்பரிசிப் பாயசம். சூடு ஆறியிருந்தது, பாயசம் மட்டும் நன்றாக இருந்தது. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது தெராசி என்ற இறால் விழுது. சம்பலிலும் வெறும் காய் வதக்கலிலும்கூட அது இருக்கும். 'வெஜிடேரியன்' என்றால் சமையல்காரர் இறைச்சியை மட்டும்தான் நினைப்பார். 'தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெராசி' என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். இறைச்சி, மீன், இறால் விழுது எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். சோயாவில் செய்கிற தெம்பே, தாஹு இரண்டும் பாதுகாப்பான தேர்வு. கடோ கடோ என்ற காய்கறிக் கலவையின் நிலக்கடலைச் சாற்றைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இதே பாதையைச் சொந்தமாக வண்டி வைத்துப் பார்ப்பது கஷ்டமே இல்லை. ஓட்டுநரோடு ஆறு பேர் கார் பத்து மணி நேரத்துக்கு, பெட்ரோல் சேர்த்து, வழக்கமாக 6 முதல் 8 லட்சம் ரூப்பியா. நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு 750 முதல் 1,100 ரூபாய். பேசும்போதே நான்கு விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை மணி நேரம், பார்க்கிங் யார் பொறுப்பு, கூடுதல் மணிக்கு எவ்வளவு, கடை நிறுத்தம் கிடையாது. கடையில்லாத நாளில் ஓட்டுநருக்குக் கமிஷன் கிடைக்காது என்பதால், மாலையில் ஒரு லட்சம் ரூப்பியா தனியாகக் கொடுத்துவிடுவதாக முதலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

குத்தாவிலிருந்து காலை 6.30க்குக் கிளம்பி நேராகப் பெனலோக்கான். 8.30 அளவில் மலை தெளிவாகத் தெரியும், மேலே குளிரும், ஒரு சால்வை வேண்டும். அங்கேயே காபி, பிறகு உலுன் தனு பத்தூர். 10 மணிக்குத் தீர்த்த எம்புல், நீராடிவிட்டுக் குனுங் காவி. முழங்கால் வலியுள்ளவர்கள் குனுங் காவியை விட்டுவிட்டு நேரே தெகல்லாலாங் போகலாம். ஒன்றரை மணிக்கு உபுதில் சாப்பாடு, 3 மணிக்குக் கோவா கஜா, 4 மணிக்குச் சுகாவதி சந்தை. சந்தையில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பேரம் தொடங்குங்கள். பேரம் பிடிக்காதவர்களுக்குக் குத்தா பக்கம் கிருஷ்ணா கடை இருக்கிறது. சீட்டில் போட்ட விலைதான் விலை.

பேக்கேஜில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், கிளம்பும் முன் ஏஜென்சிக்கு மெயில் எழுதி 'நோ ஷாப்பிங்' டூராக மாற்ற எவ்வளவு கூடுதல் என்று கேளுங்கள். பல ஏஜென்சிகள் மாற்றித் தருகின்றன, நாமாகக் கேட்காமல் அவர்களாகச் சொல்வதில்லை. மாற்ற முடியாது என்றால், கிந்தாமணியை முதலில் வைத்துக் கடைகளைத் திரும்பும் வழிக்குத் தள்ளச் சொல்லுங்கள். பாரோங் ஆட்டம் தவறும், எரிமலை கிடைக்கும். கடைக்குள் போகாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு. வேனில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து காலையிலேயே வழிகாட்டியிடம் தன்மையாகச் சொன்னால், நான்கு கடை ஒன்றாகக் குறைய வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றாக வெள்ளிக் கடையைத் தேர்ந்தெடுங்கள், காபித் தோட்டத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.